டெட்ராய்ட் காஸ் டெக் பழைய கட்டடம்: இடித்தது சரிதானா?

தறியூரான்:
நேற்று இரவு ஒரு படத்தொகுப்பைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. எல்லாரும் 'காஸ் டெக்' என்பார்கள். அதன் எட்டு மாடிக் கட்டடம் 1922-ல் எழுந்தது. 2005-ல் பள்ளி பக்கத்திலேயே கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட, பழையது ஆளில்லாமல் நின்றது. 2007-ல் தீப்பிடித்தது. 2011-ல் இடித்தே விட்டார்கள்.

இடிக்கும் முன் உள்ளே போன படக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த பள்ளி ஆண்டு மலர்ப் படங்களை எடுத்துக்கொண்டு, அதே மூலையில், அதே கோணத்தில் நின்று இடிபாட்டைப் படமெடுத்து, இரண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்தினார்கள். வராந்தாவில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காலடியிலிருந்து தொடங்குகிறது காரை உதிர்ந்த தரை. பழைய படத்தின் ஓரம் எங்கே முடிகிறது, பாழ் எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

இதை இடித்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. ஜாஸ் இசைக் கலைஞர் ரான் கார்ட்டர் அங்கே படித்தவர். பாடகி டயானா ராஸ் 1962-ல் அங்கிருந்து வெளியே வந்தவர். நம் யாழுக்கு உறவுக்காரக் கருவியான ஹார்ப்பை அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அந்த ஹார்ப்பை ஜாஸ் மேடைக்குக் கொண்டுபோன டோரதி ஆஷ்பி இந்தப் பள்ளி மாணவிதான். இவ்வளவும் நடந்த சுவர்களை எப்படி மனம் வந்து இடித்தார்கள்?

நோவி செல்வி:
தம்பி, நான் 2008-லிருந்து டெட்ராய்ட் பக்கத்தில் நோவியில் இருக்கிறேன். இடிக்கும்வரை மூன்று வருடம் ஐ-75 சாலையில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனேன். கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், மேல்மாடிகளில் கரி. நீங்கள் திரையில் பார்த்து உருகுவதும், தினமும் அதைத் தாண்டிப் போவதும் வேறு வேறு.

என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் காஸ் டெக் பழைய மாணவர். இந்தப் படங்கள் பேச்சில் வந்தாலே அவருக்குக் கோபம் வரும். பள்ளி செத்துப்போய்விட்டது போல ஊர் உலகம் பேசுகிறதே, அது பக்கத்துக் கட்டடத்தில் நன்றாக நடக்கிறதே, அதை ஏன் ஒருவரும் படமெடுப்பதில்லை என்று கேட்பார். எனக்கும் அதே கேள்விதான். வெளியூரிலிருந்து கேமராவோடு வருவார்கள், உதிர்ந்த சுவரைப் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். அங்கே வாழும் சனம் அந்தப் படத்தில் இருக்காது. இன்னொன்று, அந்த ஆண்டு மலர் முகங்களெல்லாம் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். என்னைக் கேட்காமல் என் முகத்தை இடிபாட்டில் ஒட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

மணிக்கூண்டு:
அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். படக்காரர் நுழைகிற அதே ஓட்டை வழியாகத்தான் செம்பு திருடுகிறவனும் நுழைகிறான். பாழ் கட்டடங்களுக்குள் போய்ப் படமெடுப்பவர்கள் சொல்லும் 'காலடித் தடம் மட்டும் விட்டு வருவோம்' என்பது நல்ல கொள்கைதான். ஆனால் உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று இணையத்தில் படம் போட்டால், அது பழைய இரும்புக்காரனுக்குச் சாமான் பட்டியல் கொடுத்த மாதிரி.

இரும்புச்சட்டம்:
கட்டுமானத் துறையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வகைக் கட்டடத்தில் எடையைத் தாங்குவது உள்ளிருக்கும் சட்டகம். வெளிச் செங்கல் பெரும்பாலும் போர்வைதான். கண்ணாடி போனதும் காரை உதிர்ந்ததும் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் எலும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுப்பது தண்ணீர். தட்டையான மேல்தளத்தில் வடிகால் அடைத்துக்கொண்டாலோ, மேலே இருக்கும் செம்புத் தகட்டை ஒருவன் உரித்துக்கொண்டு போனாலோ, மழை உள்ளே இறங்கத் தொடங்கும். மிச்சிகன் குளிரில் அந்தத் தண்ணீர் விரிசலுக்குள் உறைந்து பெருத்து, விரிசலை அகட்டும். வெயில் வந்தால் உருகி இன்னும் ஆழமாகப் போகும். ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். அந்த ஊர்ப் பள்ளிகளின் விளையாட்டுக் கூடப் படங்களைப் பாருங்கள். மேப்பிள் மரத்தரை ஈரம் குடித்து ஊதி, கடல் அலை மாதிரி இடுப்பளவு எழும்பி நிற்கும். பந்தாட்டத்துக்குப் போட்ட கோடுகள் அந்த அலைமேல் வளைந்து வளைந்து போகும்.

குழாய்த் திருட்டு வேறு. குழாயைச் சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உலோகத்தை மட்டும் எடுத்துப் போவான். நுரையீரலைக் கெடுக்கும் அந்தத் தூள்தான் பிறகு இடிக்கிற செலவையும் சீரமைக்கிற செலவையும் ஏற்றிவிடுவது.

அதனால் 2011-ல் இடித்தது சரியா என்று கேட்பதைவிட, 2005-லிருந்து 2011 வரை என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். பள்ளி காலி செய்தபோது புத்தகங்களும் ஆய்வகச் சாமான்களும் ஏராளமாக உள்ளேயே கிடந்தன. ஒழுங்காக ஜன்னலை அடைத்து, ஒரு காவல் போட்டு, மேல்தளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவெடுக்க இருபது வருடம் அவகாசம் கிடைத்திருக்கும்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? அதே ஊரில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1988-ல் மூடினார்கள். 2009-ல் அதை இடிக்க நகர மன்றம் தீர்மானமே போட்டது. எப்படியோ இடிபடாமல் தப்பியது. 2018-ல் ஃபோர்டு கம்பெனி வாங்கியது, 2024-ல் திறந்தாயிற்று. பக்கத்திலேயே டெட்ராய்ட் பள்ளிகளின் பாடப்புத்தகக் கிடங்கு ஒன்று இருந்தது. 1987-ல் தீப்பிடித்தது, பிறகு கைவிட்டுவிட்டார்கள். மக்கிப்போன பாடப்புத்தகக் குவியலில் மரம் முளைத்து நின்றது. அதையும் புதுப்பித்து 2023-ல் திறந்துவிட்டார்கள்.

நோவி செல்வி:
சார், அந்தக் கிடங்கைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 2009 ஜனவரியில் அதன் லிஃப்ட் குழியில் ஒரு மனிதர் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. திறந்து கிடக்கிற கட்டடம் என்றால் அதுதான். காஸ் டெக்கில் புதுக் கட்டடத்துப் பிள்ளைகள் தினமும் வந்து போகிற இடத்துக்குப் பக்கத்தில், எரிந்த எட்டு மாடி நிற்கிறது. உங்கள் பிள்ளையை அங்கே அனுப்புவீர்களா?

ஃபோர்டு வந்ததென்றால் அது ஃபோர்டு. 1950-ல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர் 2010-ல் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. 1966-ல் அரசுப் பள்ளிகளில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பிள்ளைகள். இன்று ஐம்பதாயிரம் அளவுதான். 2000-க்குப் பிறகு மூடிய பள்ளிகள் 200-க்கு நெருக்கம். இத்தனைக்கும் காவல் போடப் பணம் ஏது? இருக்கிற பணம் இருக்கிற பிள்ளைக்குத்தான் போக வேண்டும். இதில் நான் மாறமாட்டேன்.

இரும்புச்சட்டம்:
பணம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருநூறும் ஒன்றல்லவே. காஸ் டெக் ஒரு முத்திரைக் கட்டடம். தேர்வு எழுதித்தான் சேர முடியும், சேர்ந்ததும் கல்லூரி போல ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரப் பட்டறை, வேதியியல், ஆடை வடிவமைப்பு, இசை என்று மாடிக்கு மாடி வேறு உலகம். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் அம்மா அங்கே வேதியியல் ஆசிரியை. 1927 மே மாதம் மகன் பாரிஸில் இறங்கியபோது அவர் காஸ் டெக் ஆசிரியைதான். இருநூறில் ஒன்றுக்கு மட்டும் பூட்டும் தார்ப்பாயும் கேட்கிறேன்.

மணிக்கூண்டு:
சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2007 தீக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

தறியூரான்:
இரண்டு நாளாக யோசித்தேன். தீப்பிடித்த பிறகு பிள்ளைகள் பக்கத்தில் அதை அப்படியே நிறுத்தியிருக்க முடியாது என்று செல்வி அக்கா சொல்வதை ஏற்கிறேன். முதல் பதிவில் நான் எழுதிய 'இடித்திருக்கவே கூடாது' என்பது அவசரப்பட்டு எழுதியது.

ஆனால் படக்காரர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. வெறும் இடிபாட்டை அழகு பார்த்த படங்கள் ஆயிரம் உண்டு, அவற்றைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இந்தத் தொகுப்பு அப்படியில்லை. ஆளில்லாத படத்தில் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் போயிருக்காவிட்டால் அந்த வராந்தா எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது, லாரியில் கல்லாகப் போயிருக்கும்.

அக்கா, ஒரு உதவி. உங்கள் அலுவலகப் பெரியவர் அங்கே எந்தத் துறை படித்தார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? கட்டடம் இடித்ததைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்?

நோவி செல்வி:
கேட்டேன் தம்பி. இன்று மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சுதான்.

அவர் படித்தது இயந்திரப் பட்டறை. ஏழாம் மாடியிலோ எட்டாம் மாடியிலோ வகுப்பு இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடுவார்களாம். இடிக்க வேண்டியதுதான் என்றார், அதில் சந்தேகமே இல்லை அவருக்கு. ஆனால் இடித்தபோது இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு எதிர்ப்புற நடைபாதையில் போய் நின்றிருக்கிறார். இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

அவர் மேசையில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும், எலுமிச்சை அளவு, அடியில் தட்டையாக. காகிதம் பறக்காமல் வைப்பது. கடையில் வாங்கியது என்று நினைத்திருந்தேன். பதினாறு வயதில் அந்தக் கட்டடத்து லேத்தில் அவர் கடைந்ததாம். கையில் கொடுத்தார். ஒரு பக்கம் உளி சறுக்கிய கோடு நகத்தில் தட்டுகிறது.