எருசலேம் பயணம்: போய் வந்தவர்களுக்கு மனதில் நின்றது எது?

வைகை வடகரை:
எங்கள் பங்குக் கோயிலில் இருந்து ஒரு குழு புனித நாட்டுக்குக் கிளம்புகிறது. ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றையும் சேர்த்த வழக்கமான சுற்றுதான். அம்மாவுக்கு 68 வயது, வேளாங்கண்ணிக்கும் வாடிப்பட்டிக்கும் நடந்தே போன ஆள், சாவதற்குள் எருசலேமைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான் துணைக்குப் போகிறேன். எனக்கு அம்மா அளவுக்குப் பக்தி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் குழப்பம் இதுதான். போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் "எல்லாம் கடைதான், தள்ளுமுள்ளுதான்" என்கிறார். யூடியூபில் ஒருவர், காட்டுகிற இடம் பாதி உண்மையான இடமே இல்லை என்கிறார். பயண ஏஜென்டைக் கேட்டால் எல்லாமே அற்புதம். உங்களை அசைத்த இடம் எது, சப்பென்று போன இடம் எது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கீழவெளி வீதி:
தள்ளுமுள்ளு உண்மைதான். சிலுவைப்பாதைத் தெரு முழுக்கக் கடை. தீபாவளி நேரத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் நடப்பது மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மசாலா மூட்டை, ஒரு பக்கம் டீசர்ட், நடுவில் நாம் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று பாடிக்கொண்டு போகிறோம். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் யோசித்தால், இயேசு சிலுவை சுமந்த நாளில் மட்டும் என்ன, கடையை அடைத்துவிட்டா நின்றிருப்பார்கள்?

திருக்கல்லறைக் கோயிலில் நுழைந்ததும் தரையில் ஒரு செந்நிறக் கல் பலகை இருக்கும், உடலைக் கிடத்திப் பரிமளத் தைலம் பூசிய இடம் என்று. அதன் மேல் எண்ணெய் வாசனை போகவே போகாது. எங்கள் குழுவில் ஒரு பாட்டி, ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதற்காகக் கட்டிக்கொண்டு வந்த ஜெபமாலைகளை அதில் பரப்பி, முந்தானையால் கல்லைத் துடைத்துத் துடைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் ரஷ்யப் பெண்கள் கைக்குட்டையால் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பேச்சு புரியவில்லை, ஆனால் பாட்டிக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வலது பக்கம் செங்குத்தான படி ஏறினால் கொல்கொதா, இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடம். பீடத்துக்கு அடியில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுப் பாறையைத் தொடலாம். கல்லறைக்குள் மட்டும் அவசரம், வெளியே நிற்கும் துறவி விரட்டிக்கொண்டே இருப்பார்.

உண்மையான இடமா என்றால்: கான்ஸ்டன்டைன் மன்னர் அங்கிருந்த ரோமானியக் கோயிலை இடித்துக் கட்டிய ஆலயம் 335-ல் அர்ச்சிக்கப்பட்டது. 2016-ல் கல்லறையின் பளிங்கு மூடியைத் திறந்து சரிசெய்தபோது, அடியில் இன்னொரு பழைய பளிங்குப் பலகை இருந்தது. அதன் சாந்தைச் சோதித்ததில் 345-ஐ ஒட்டிய காலம் என்று வந்தது. இயேசுவின் கல்லறை என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இருந்து ஜனங்கள் அதே இடத்தில்தான் முழங்கால் போட்டு வருகிறார்கள் என்பது உறுதி. எனக்கு அது போதும்.

பசுமலை வாத்தியார்:
தம்பி, நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை. எங்கள் போதகர் எங்களைத் தோட்டக் கல்லறைக்கும் கூட்டிப்போனார், இயேசுவின் கல்லறை இதுதான் என்று சிலர் நம்புகிற இன்னொரு இடம். தமஸ்கு வாசலுக்கு வெளியே இருக்கிறது, 1883-ல் ஜெனரல் கார்டன் என்ற ஆங்கிலேயர் எடுத்துச் சொன்ன பிறகு பிரபலமானது. மரம், செடி, பெஞ்சு, அமைதி. உட்கார்ந்து கீர்த்தனை பாடி, திருவிருந்தும் எடுத்தோம். கூட்டத்தில் அதுவரை ஜோக் அடித்துக்கொண்டே வந்த ஒருவர் அங்கேதான் தேம்பி அழுதார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொல்லியல் ஆட்கள் அந்தக் குகையை இயேசுவுக்கு ஏழெட்டு நூற்றாண்டு முந்தையது என்கிறார்கள். சுவிசேஷமோ புதிய கல்லறை என்கிறது. ஆக, ஆதாரம் அதிகமாக உள்ள கோயிலில் எனக்கு ஜெபமே வரவில்லை, ஆதாரம் குறைந்த தோட்டத்தில் வந்தது. அதற்காகத் தோட்டம்தான் உண்மை என்று நான் யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டேன். ஆதாரம் ஒரு கணக்கு, ஜெபம் வேறு கணக்கு.

சந்தேகமே இல்லாத இடம் வேண்டுமென்றால் கலிலேயா. அந்த ஏரியை யாரும் மாற்றிவைக்க முடியாதல்லவா. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, நல்ல தண்ணீர். படகை நடு ஏரியில் நிறுத்தி என்ஜினை அணைத்ததும் காற்று சட்டென்று மாறியது, எல்லோரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். மத்தியானம் "பேதுரு மீன்" என்று முழு மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் நம் ஜிலேபி! அதே குடும்பத்து மீன்தான், முள்ளும் அதேதான். ஏரிக்கரையில் இருக்கும் கப்பர்நகூமில் யூத ஜெப ஆலயத் தூண்கள் வெள்ளைக் கல், ஆனால் அடியில் பழைய கறுங்கல் தெரியும். வெள்ளை பிற்காலத்தது. அந்தக் கறுப்பைப் பாருங்கள். பக்கத்திலேயே பேதுருவின் வீடு என்று காட்டுகிற இடத்தின் மேல், தரையில் கண்ணாடி பதித்து ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். பறக்கும் தட்டு மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஓரியூர் பேரன்:
அண்ணே, கோபப்படாதீங்க. இவ்வளவு காசு போட்டு "இதுவா, அதுவா" என்று குழம்புவதற்கு, நம்ம ஓரியூருக்குப் போனால் 1693-ல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்ட இடத்தில் சந்தேகம் இல்லாமல் நிற்கலாம். செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசலாம். வழியில் இடைக்காட்டூர் கோயிலையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம்.

கீழவெளி வீதி:
தம்பி, அந்த அம்மா ஓரியூருக்கு எத்தனை முறை போயிருப்பாரோ! அதற்கு இது ஈடு என்று யாரும் சொல்லவில்லையே.

கடை பற்றி இன்னொன்று. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருக்கிறது, எருசலேமில் இருந்து போக உயரமான கான்கிரீட் சுவரையும் ராணுவச் சோதனைச் சாவடியையும் தாண்ட வேண்டும். நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி போய்விடுகிறோம், அந்த ஊர்க்காரர்கள் எருசலேம் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே ஒலிவ மரத்தில் சிலுவையும் குடிலும் செதுக்கி விற்கிறவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவக் குடும்பங்கள். பயணிகள் வராவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. எங்கள் வழிகாட்டி பிறப்புக் கோயிலின் வாசலைக் காட்டினார், நாலடி உயரம்தான், குனியாமல் யாரும் நுழைய முடியாது. ஆனால் எனக்கு அதைவிட அந்தச் சுவர்தான் மனதில் நிற்கிறது. அதைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை, சாமி கும்பிட வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

திண்டுக்கல் ரோடு:
அம்மாவுக்காகச் சில விஷயம். பழைய நகரத்தில் கல் தரை வழுவழு என்று தேய்ந்திருக்கும், பிடிப்புள்ள ஷூ வாங்கிக்கொடுங்கள், சேலைக்கு ஷூவா என்று பார்க்க வேண்டாம். எகிப்துப் பக்கம் சீனாய் மலை நடுராத்திரியில் கிளம்பி ஏறுவது, உயரம் 2,285 மீட்டர். ஒட்டகம் பாதி தூரத்துக்கு மேல் வரும், கடைசி 750 படி நடந்துதான் ஆக வேண்டும். அவரை ஓட்டலில் தூங்கவிட்டு, காலையில் அடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தைக் காட்டினால் போதும். ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சுவரில் பதித்திருக்கும், தமிழும் இருக்கிறது. அங்கே நேரம் கேட்டு வாங்குங்கள், கூட்டிப்போகிறவர்கள் ஓட்டிவிடுவார்கள்.

தமிழக அரசு மானியம் ஆளுக்கு 37,000 ரூபாய், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. போய்வந்த பிறகுதான் விண்ணப்பம். கலெக்டர் ஆபீசில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதில் இருந்து நிலவரம் மாறிக்கொண்டே இருக்கிறது, வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள்.

வைகை வடகரை:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுவர் பற்றிக் கேட்டதும், கடையில் பேரம் பேசக்கூடாது என்று இப்போதே எனக்கு உத்தரவு போட்டுவிட்டார். சீனாயில் ஓட்டலில் தூங்கச் சொன்னதற்குத்தான் ஒப்பவில்லை, "ஒட்டகம் போகிற வரை போகிறேன்" என்கிறார். வயதானவர்களை ஒட்டகத்தில் ஏற்றலாமா?

திண்டுக்கல் ரோடு:
ஏற்றலாம், கூடவே ஆள் நடந்து வருவார். எழும்போது ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், ஆளை முன்னால் தள்ளும். உட்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து சேணத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வாடகையை ஏறுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், அங்கே மட்டும் பேரம் பேசலாம் என்று அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.