'ரிஃபிஃபி' (1955): அந்த அரை மணி நேரம் வித்தையா, தேவையா?

கடைசிபெஞ்ச்:
ஜூல்ஸ் டாசினின் இந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நகைக்கடைக் கொள்ளையோடு நின்றுவிடுகிறார்கள். சுமார் அரை மணி நேரம் வசனமும் கிடையாது, இசையும் கிடையாது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒகுஸ்த் லெ ப்ரதோன் எழுதிய மூல நாவலில் கொள்ளைக்குக் கொஞ்ச இடம்தான். கதையே ரவுடிக் கும்பல்களின் மோதல். படத்தில் கால் பங்கைக் கொள்ளைக்குத் தூக்கிக் கொடுத்தது வித்தை காட்டத்தான். நாவலுக்குச் செய்த துரோகம்.

ரீல்பெட்டி:
காரணமில்லாமல் செய்தால்தானே வித்தை? இங்கே காரணம் அலாரம் பெட்டி. அதே ரகத்தில் ஒன்றை வைத்து முன்கூட்டியே சோதிக்கிறார்களே, அதைக் கவனியுங்கள். லேசான அதிர்வுக்கே அலறும். தீயணைப்பான் நுரையை உள்ளே அடித்தால்தான் அடங்கும். ஆனால் பெட்டி இருப்பது கீழே கடைக்குள். ஆட்கள் இருப்பது மேல்மாடி வீட்டில். இறங்க வேண்டுமென்றால் தளத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் காரை விழும், விழுந்தால் மணி அடிக்கும். அதற்குத்தான் குடை. முதலில் சின்னத் துளை. அதன் வழியாக மடக்கிய குடையைக் கீழே விட்டு விரிப்பது. பிறகு துளையைப் பெரிதாக்கும்போது உடைசல் முழுக்கக் குடைக்குள் விழும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கயிற்றில் இறங்குகிறார்கள். இதற்கு நடுவே யார் வசனம் பேசுவது?

கடைசிபெஞ்ச்:
சரி, நுரை அடித்து அலாரம் செத்த பிறகு? பெட்டகத்தைச் சாய்த்துப் பின்பக்கத் தகட்டை அறுக்கும் நேரம் முழுக்க ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே. அங்கே உங்கள் காரணமும் செத்துப்போச்சு.

ரீல்பெட்டி:
நல்ல கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒத்திகை பார்த்து வந்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? ஜார்ஜ் ஒரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதியே கொடுத்தார். இசையோடும் இசை இல்லாமலும் போட்டுக் காட்டிய பிறகு, வேண்டாம் என்று சொன்னது அவரேதான்.

நீலநாடா:
இரண்டு பேரும் சீசரை விட்டுவிட்டீர்கள். பெட்டகம் திறக்கும் அந்த இத்தாலியனாக, பெர்லோ விட்டா என்ற பெயரில் நடித்தது டாசினே. ஒரே ஒரு மோதிரத்தைத் தனியாகச் சுருட்டிப் பாடகி விவியானுக்குக் கொடுக்கிறான், குட்டு உடைகிறது. எதிர்க் கும்பல் மிரட்டியதும் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். பிறகு தூணில் கட்டிக் கிடக்கும் சீசரை, கொள்ளைக்குத் தலைமை தாங்கிய டோனி சுட்டுக் கொல்கிறான். 1951இல் இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க விசாரணைக் குழு முன்னால் டாசின் பெயரைச் சொன்னார். ஹாலிவுட் கதவு மூடியது. அப்படிப்பட்டவர் காட்டிக்கொடுப்பவன் வேஷத்தைத் தானே போட்டிருக்கிறார்! கொள்ளை முழுக்க வாயை மூடியிருந்தவன் பிறகு வாயைத் திறந்ததால்தான் எல்லோரும் அழிகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை வெட்டினால் இது விளங்குமா?

கடைசிபெஞ்ச்:
இந்தக் கோணத்தை யோசிக்கவில்லை. வித்தை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நாவலுக்குத் துரோகம் என்றதை மட்டும் வாங்க மாட்டேன்.