புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டு பிளெக்ஸ் சர்வர் திரும்ப வந்துவிட்டது

பழைய லேப்டாப்பில் உபுண்டு (லினக்ஸ்) போட்டு ஓட்டும் பிளெக்ஸ் சர்வர், அதாவது சேர்த்துவைத்த படங்களை வீட்டு டிவிக்கு அனுப்பும் மென்பொருள், எங்கள் பிளெக்ஸ் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது, டிவியில் ஒரு படமும் தெரியவில்லை என்று போன கிழமை கேட்டிருந்தேன். இப்போது சரி. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்ததைப் பலர் சந்தேகப்பட்டீர்கள். அது இல்லை. கொழும்பில் இருக்கும் தம்பி அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும்போது, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பெட்டியிலும் டிக் போட்டிருக்கிறான். சர்வரும் அதில் ஒரு கருவிதானே! நல்ல வேலைதான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கணக்கில்லாத சர்வரைத் திரும்பச் சேர்க்க, நம் கம்ப்யூட்டரும் அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே பிரிவில்) இருக்க வேண்டும். எங்கள் மேல் அறைக்குத் தனி ரவுட்டர், வேறு சப்நெட். என் கம்ப்யூட்டர் அங்கேதான். அதனால் முதலில் சர்வரை நிறுத்தி, அதன் செட்டிங்ஸ் இருக்கும் பிரெஃபரன்சஸ் எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு, அதில் பழைய கணக்கு விவரமான, பிளெக்ஸ்ஆன்லைன் என்று தொடங்கும் ஹோம், மெயில், டோக்கன், யூசர்நேம் நான்கையும் மட்டும் அழித்தேன். சர்வரை ஓடவிட்டு, என் 8888 போர்ட்டிலிருந்து அதன் 32400க்கு எஸ்எஸ்எச் டனல் (சர்வரிலேயே உட்கார்ந்து திறப்பது போலக் காட்டும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறந்ததும் சேர்க்கும் பொத்தான் வந்தது. லைப்ரரி அப்படியே இருந்தது.

பிளெக்ஸை டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் கவனம்: சர்வரைக் கணக்கில் சேர்க்கத் தரும் குறியீடான கிளெய்ம் டோக்கன் 4 நிமிடத்தில் காலாவதி. எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு கடைசியில் எடுங்கள்.

பிளெக்ஸுக்குப் பதில் அதே வேலை செய்யும் ஜெல்லிஃபின் போடச் சொன்னவர்களே, அதற்கு வெளிக்கணக்கு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அம்மாவுக்கு பிளெக்ஸ் மெனு பழகிவிட்டது. இப்போதைக்கு மாற்றப் போவதில்லை.