நெடுந்தூர ஓட்டம் கற்பிப்பவர் தாமும் ஓடியிருக்க வேண்டுமா? டெலிஞ்சர், விஹில் குறித்து ஒரு விவாதம்

நெடுவழி எழுதியது:

அமெரிக்கக் கல்லூரி நெடுந்தூர ஓட்டத்தின் இரு பெரும் பயிற்சியாளர்களான ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பில் டெலிஞ்சரும் கொலராடோவின் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியைச் சேர்ந்த ஜோ விஹிலும் 2025ஆம் ஆண்டு காலமானார்கள். டெலிஞ்சர் மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். விஹில் இளமையில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்; ஓட்ட வீரராக அறியப்பட்டவர் அல்லர். இருவரையும் ஒரே தட்டில் வைத்து எழுதப்படும் அஞ்சலிகளை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுந்தூர ஓட்டம் கற்பிப்பவர் அதன் உச்சத்தில் தாமே ஓடியிருக்க வேண்டும் என்பதும், மற்றத் தகுதிகள் எல்லாம் அதற்கு அடுத்தவையே என்பதும் என் உறுதியான கருத்து.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 5000 மீட்டர் இறுதிப் போட்டியைப் பாருங்கள். மழையில் ஊறிய தடத்தில், கடைசிச் சுற்றில் முன்னிலையில் ஓடிய பிரான்சின் மிஷேல் ஜாஸியை, தங்கம் வென்ற பாப் ஷூலும் வெள்ளி வென்ற ஹரால்ட் நார்போத்தும் கடந்து சென்ற பிறகு, எல்லைக்கோட்டின் அருகே எட்டிப் பிடித்து டெலிஞ்சர் வெண்கலம் வென்றார். டெலிஞ்சருக்கும் ஜாஸிக்கும் பதிவான நேரம் ஒன்றே: 13 நிமிடம் 49.8 வினாடி. போட்டியின் நடுவில் திடீரென வேகம் கூடும்போது உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஓரிகனில் டெலிஞ்சரின் மாணவரான ஸ்டீவ் ப்ரீஃபோன்டைன் ஓடிய '30-40' பயிற்சியில் அந்த அனுபவத்தைக் காணலாம். சுற்றின் முதல் 200 மீட்டரை 30 வினாடியிலும் அடுத்த 200 மீட்டரை 40 வினாடியிலும் ஓட வேண்டும். இந்த ஒழுங்கு குலையும் வரை நிற்கவே கூடாது. இளைப்பாறுவதற்கென்று விடப்படும் அந்த 40 வினாடிப் பகுதியே கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 வினாடி வேகம் ஆகிறது!

மலைச்சாரல் எழுதியது:

நெடுவழி அவர்களே, டெலிஞ்சரை உருவாக்கியவர் யார் என்பதை நீங்கள் குறிப்பிடவே இல்லை. அவருடைய பயிற்சியாளரான பில் பவர்மன், ஓரிகன் மாணவராக இருந்தபோது அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். தடகளத்தில் அவர் ஓடிய தூரம் 440 கஜம், அதாவது ஒரே ஒரு சுற்று. அப்படிப்பட்டவரின் அணி 1962, 1964, 1965, 1970 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தடகளப் பட்டத்தை வென்றது. ஒரு நாள் கடும் பயிற்சி, மறுநாள் எளிய ஓட்டம் என்ற முறையை ஊன்றச் செய்தவரும் அவர்தான்.

மாணவர் கென்னி மூர், அதிகமாக ஓடினால்தான் முன்னேறலாம் என்று நம்பி, எளிய நாட்களிலும் தம்மை வருத்திக்கொண்டிருந்தார். பவர்மன் அவரை அதட்டி, மூன்று வாரங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று கட்டளையிட்டார். மனமில்லாமல் கீழ்ப்படிந்த மூர், அதன் பின் வந்த இரண்டு மைல் போட்டியில் தம் பழைய நேரத்தை வெகுவாகக் குறைத்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாகவும் வந்தார். வலியைத் தாங்குவதையே பெருமையாகக் கருதி வளர்ந்த முன்னாள் வீரர் ஒருவருக்கு, 'ஓடாதே' என்று சொல்லும் துணிவு அவ்வளவு எளிதில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கணக்காயர் எழுதியது:

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கல்லூரிப் பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி, பள்ளி முடிக்கும் வீரர்களைத் தேடிச் சேர்ப்பதுதான். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்த ஜான் மெக்டானல் நல்ல ஓட்டக்காரர். ஒலிம்பிக் வரை போனவர் அல்லர். ஆர்க்கன்ஸா பல்கலைக்கழகத்தில் 1972 முதல் 2008 வரை பணியாற்றி 40 என்.சி.ஏ.ஏ. பட்டங்களைக் குவித்தார். ஒரு கல்லூரியின் ஆண்கள் தடகள அணி முழுவதற்கும் சேர்த்து 12.6 முழு உதவித்தொகைதான் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்ததால், அதை யாருக்கு எவ்வளவு பகிர்வது என்ற தீர்மானம், பயிற்சியாளர் இளமையில் எத்தனை நிமிடத்தில் ஓடினார் என்பதைவிட முக்கியமானது.

நெடுவழி எழுதியது:

கணக்காயர் சொல்வது நிர்வாகத் திறமை; நான் கேட்பது பயிற்றுவிக்கும் அறிவு எங்கிருந்து வருகிறது என்பது. பவர்மனையே எடுத்துக்கொள்வோம். 1962 இறுதியில் நியூசிலாந்து சென்றபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் மெதுவோட்டத்துக்கு ஈடுகொடுக்க அவர் திணறினார். அங்கே அவருக்கு வழிகாட்டிய நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 1950 பேரரசு விளையாட்டுகளில் (இன்றைய காமன்வெல்த் விளையாட்டுகள்) மாரத்தான் ஓடியவர். தம் முறையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த பிறகே பிறருக்குச் சொன்னவர்.

மலைச்சாரல் எழுதியது:

பவர்மனுக்கு நியூசிலாந்து செல்லும் அழைப்பு எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1962 மே மாதம் ஓரிகன் மாணவர்கள் நால்வர், ஆளுக்கு ஒரு மைல் ஓடும் தொடரோட்டத்தில் நியூசிலாந்து அணியின் உலக சாதனையை முறியடித்தார்கள். லிடியார்டைக் காணப் போவதற்கு முன்பே பவர்மனின் முறை உலகத் தரத்தை எட்டிவிட்டது.

விஹிலுக்கு வருகிறேன். அவருடைய ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி இருக்கும் அலமோசா நகரம் சுமார் 7,500 அடி உயரத்தில் உள்ளது. பெரிய பல்கலைக்கழகங்களின் வசதிகள் இல்லாத சிறிய கல்லூரி அது. விஹில் உடலியங்கியலைக் கற்று, முனைவர் பட்டம் பெற்று, அந்த அறிவை அங்கே தடத்துக்குக் கொண்டுவந்தார். தடத்துக்கு வெளியே புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டியில், ஒவ்வோர் அணியிலும் முதலில் வரும் ஐந்து வீரர்களின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. 1992இல் சிறிய கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவு இறுதிப் போட்டியில் அவருடைய மாணவர்கள் ஐவரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தார்கள். கூட்டுத்தொகை 15, அதற்குக் கீழே போகவே முடியாது. கல்லூரிப் பணிக்குப் பின் அவர் பயிற்றுவித்த டீனா காஸ்டர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானின் கொடும் வெயிலில் நிதானமாகத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கடந்து வெண்கலம் வென்றார். டெலிஞ்சரின் ப்ரீஃபோன்டைனோ மியூனிக் 5000 மீட்டரில் நான்கு சுற்றுகள் இருக்கும்போதே வேகத்தைக் கூட்டி, கடைசி அடிகளில் இயன் ஸ்டூவர்ட்டிடம் வெண்கலத்தையும் இழந்தார். பதக்கம் வென்ற பயிற்சியாளரின் அனுபவம் அன்று எங்கே போயிற்று?

நெடுவழி எழுதியது:

மியூனிக்கில் ப்ரீஃபோன்டைனுக்கு வயது 21. டெலிஞ்சர் பதக்கம் வென்றது 30 வயதில், தம் மூன்றாவது ஒலிம்பிக்கில். முதல் இரண்டில் வெறுங்கையுடன் திரும்பியவர் அவர். 1975 மே மாதம் நடந்த கார் விபத்து ப்ரீஃபோன்டைனுக்கு இரண்டாம் வாய்ப்பே இல்லாமல் செய்துவிட்டதால், அந்த ஒரு போட்டியை வைத்து ஆசிரியரை எடைபோடுவது முறையாகாது. 1971, 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் ஓரிகன் வென்ற கிராஸ் கன்ட்ரி பட்டங்களை வைத்துப் பேசுங்கள். அவற்றில் கடைசி இரண்டும் ப்ரீஃபோன்டைன் கல்லூரியை விட்டுச் சென்ற பிறகு வந்தவை.