மோன் பிளாங் சுற்று: முதல் நாளில் சந்தித்தவர்கள்

ஆல்ப்ஸில் நெடும்பயணம் போனவர்கள் முதல் நாளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நானும் என் மனைவியும் ஜூலையில் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடந்தோம். மொத்தம் 170 கிலோமீட்டர் அளவு. பிரான்சில் தொடங்கி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடி பிரான்சுக்கே வந்து சேரும் பாதை. போகிறவர்கள் எல்லாரும் 2,537 மீட்டர் உயரக் கிராண்ட் கோல் ஃபெர்ரே கணவாயைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முதல் நாளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் ஆற அமரத் திட்டமிட வேண்டும்.

நடை தொடங்கும் லே ஊஷ் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கிருந்து வோசா கணவாய்க்கு 650 மீட்டர் ஏற்றம். பனிச்சறுக்குத் தடங்களை ஒட்டிய ஜீப் பாதைதான், பார்க்க அதிகமில்லை. கேபிள் காரில் பெல்வியூவுக்கு ஏறிவிடுவதில் ஒரு குறையும் இல்லை, நாங்கள் அப்படித்தான் போனோம். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நடக்கும் நேரம்தான் இருக்கும். அது நிற்காமல் நடப்பவருக்கான நேரம். ஓய்வு, சாப்பாடு, புகைப்படத்துக்கெல்லாம் நீங்கள்தான் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு வழிகள். ஒன்று கிராமங்கள் வழியாக இறங்குவது. மற்றது 2,120 மீட்டர் உயரத் திரிகோ கணவாயைத் தாண்டுவது. வானம் தெளிவாக இருந்ததால் திரிகோ பக்கம் திரும்பினோம்.

வழியில் பியோனாசே பனியாற்றுக்குக் கீழே ஒரு தொங்குபாலம். அடியில் பாறை மாவு கரைந்த சாம்பல் நிறத் தண்ணீர் இரைச்சலோடு ஓடுகிறது. பாலத்தருகே ஒரு பாட்டி பேரனோடு உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேன் ஜெர்வே ஊர்க்காரர், எழுபதைத் தாண்டியிருப்பார். பேரன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, 1892 ஜூலையில் நடந்ததை அவர் எங்களுக்கு விவரித்தார். மேலே உள்ள தேத் ரூஸ் பனியாற்றுக்குள் தேங்கியிருந்த நீர் ஓர் இரவில் உடைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்திருக்கிறது. பியோனே கிராமமும் சேன் ஜெர்வேயின் வெந்நீர்க் குளியல் விடுதியும் அழிந்தன. 170 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே பனியாற்றுக்குள் மறுபடியும் நீர் தேங்கியிருப்பதைக் கண்டுபிடித்து 2010-ல் பம்பு வைத்து வெளியேற்றினார்கள். “எங்கள் ஊரில் இது பழங்கதை இல்லை” என்றார் பாட்டி. அதற்கப்புறம் அந்தத் தண்ணீரைப் பார்த்த பார்வையே வேறு. கிளம்பும்போது மேகத்தைக் காட்டி, மதியத்துக்கு முன் கணவாயைக் கடந்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

ஏற்றம் மூச்சு வாங்கினாலும் சமாளிக்கலாம். இறக்கம்தான் கடினம். கணவாயில் நின்றால் மியாஜ் குடில்களின் கூரைகள் காலுக்கு நேர்கீழே தெரிகின்றன. 560 மீட்டரை வளைந்து வளைந்து ஒரே மூச்சில் இறங்க வேண்டும். பின்னால் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் என் மனைவி தடுமாறுவதைக் கவனித்து நின்றார். மனைவியின் ட்ரெக்கிங் கம்பை வாங்கி, பூட்டைத் திருகி, ஒரு விரல் நீளத்துக்குக் கூட்டி, மறுபடி இறுக்கிக் கொடுத்தார். அடியைச் சின்னதாக வைக்கச் சொன்னார். முழங்கால் வலி உடனே குறைந்தது.

மியாஜில் ஆம்லெட் சாப்பிட்டோம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் தங்குமிடத்தில் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே சமையல்தான், கடைசி நேரத்தில் கேட்டால் அவர்களுக்கும் சிரமம். சாப்பிட்ட வயிற்றோடு த்ரூக் வரை இன்னொரு ஏற்றம், அப்புறம் காட்டு வழியாக, முதல் நாள் நடை முடியும் லே கொந்தமீன் ஊருக்கு இறக்கம்.

* * *

மேலே எழுதியவர் ஜூலையில் போனார். நானும் என் தங்கையும் போனது ஜூன் நடுவில். திரிகோவில் பனி கிடந்ததால் கிராமங்கள் வழியாகவே இறங்கினோம். அதுவும் அழகான வழிதான், மர வீடுகளும் பூந்தொட்டிகளுமாக. ஊருக்குள் கல்தொட்டியில் குழாய்நீர் விழும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையென்றால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

மறக்க முடியாதது ஆட்டு மந்தையைக் காத்த வெள்ளை நாய். இந்தக் காவல் நாயை அங்கே ‘பாத்து’ (patou) என்பார்கள். கன்றுக்குட்டி உயரம் இருந்தது. குரைத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்ததும் என் தங்கை ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். கம்பைத் தாழ்த்தி, அதன் கண்ணை முறைக்காமல், மெல்லிய குரலில் பேசிக்கொண்டே நின்றோம். மோந்து பார்த்துவிட்டு மந்தைக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு மந்தையைச் சுற்றிக்கொண்டு போனோம். குறுக்கே மட்டும் போகாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் படுக்கையைப் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கொந்தமீனில் இடம் கிடைக்காவிட்டால், திரிகோ வழியாகப் போகிறவர்கள் மியாஜிலேயே தங்கலாம். கால் தாங்கும் என்றால் நோத்ர் தாம் தேவாலயத்தைத் தாண்டி ‘நான் போரான்’ (Nant Borrant) என்ற தங்குமிடம் வரை ஏறலாம், மறுநாள் நடை கொஞ்சம் குறையும்.