11110110 என்பது 246-ஆ, -10-ஆ? கொஞ்சம் உதவுங்கள்

மகள் பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல். இரும எண்ணைப் பதின்மமாக மாற்றும் சாதாரணக் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள், 101101 கொடுத்தால் ஒவ்வொரு இலக்கத்தின் தலைக்கு மேலும் பென்சிலால் 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதி, 1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டி 45 என்று சொல்லிவிடுவாள். சிக்கல் 2-இன் நிரப்பியில்தான் (two's complement, கழித்தல் எண்களையும் இருமத்தில் எழுதும் முறை). 11110110-க்கு அவளுக்கு 246 வருகிறது, விடை -10. இடது ஓரத்து 128-ஐ மட்டும் கழித்தல் குறியோடு எடுத்து -128+64+32+16+4+2 என்று போட்டால் சரியாக வருகிறது, அதுவரை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஓர் இடம் மட்டும் ஏன் கழித்தலாகிறது என்று கேட்கிறாள், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், கேள்வியில் வெறும் 8 பிட் என்று இருந்தால் எந்த முறையில் போடுவது? பாடம் நடத்துகிறவர்கள் யாராவது பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன், வெள்ளிக்கிழமை தேர்வு.