செக்கு கியர் பெட்டியின் அடியில் கறுப்பு வண்டல்: நானோ கலவையா, தேய்மானமா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சி):
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் மரச்செக்கு வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) பெட்டியில் ஓடுகிறது. எள் ஆட்டினால் இரண்டு மணி நேரத்தில் பெட்டியில் கை வைக்க முடியாத சூடு. லாரிக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்றி வந்தோம். போன மாதம் மாலிப்டினம் டைசல்பைடு நானோ கலவை (உராய்வைக் குறைக்கும் மிக நுண்ணிய தூள் கலந்தது) ஒரு பாட்டில் சேர்த்தேன். சத்தம் குறைந்தது. அப்புறம் ஊர்க் கொடைக்கு ஐந்து நாள் நிறுத்திவிட்டு ஆயிலைக் கொஞ்சம் வடித்தால், அடியில் கறுப்புச் சேறு, நடுவே மஞ்சள் மினுக்கம். பெட்டி போய்விட்டதா? இந்தச் செக்கை நம்பித்தான் வீடு நடக்கிறது.

பதில்:
தம்பி, கறுப்பையும் மஞ்சளையும் தனித்தனியாகப் பாருங்கள். கொஞ்சம் சேற்றை விரலில் தேய்த்தால் வழுவழுவென்று சாம்பல் பூச்சாக ஒட்டுகிறதா? காந்தத்தில் ஒட்டவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் நீங்கள் ஊற்றிய தூள்தான். அதன் படலங்கள் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று நழுவும். உராய்வு குறைவது அதனால்தான். ஆனால் நானோ துகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. துகள்களைப் பிரித்து வைக்கும் ஒலியிக் அமிலம் போன்ற மேற்பூச்சு சரியாக இல்லாவிட்டால் கட்டியாகி அடியில் இறங்கிவிடும். இறங்கிய தூள் பல்லுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அளவும் முக்கியம்: சோதனைகளில் பெரும்பாலும் எடையில் 1 சதவீதத்துக்குள்தான் சேர்க்கிறார்கள். கூட ஊற்றினால் கட்டிதான் கூடும்.

எனக்குக் கவலை அந்த மஞ்சள்தான். வார்ம் சக்கரம் வெண்கலம். 90 நம்பர் ஆயிலில் அழுத்தம் தாங்கக் கந்தகச் சேர்மம் இருக்கும். சூட்டில் அது வெண்கலத்தை அரிக்கலாம். பெட்டித் தகட்டில் ஆயிலுக்கு என்ன கிரேடு (கனத்தைக் குறிக்கும் எண்) போட்டிருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
விரலில் வழுவழு என்றுதான் இருக்கிறது, காந்தத்தில் ஒட்டவில்லை. தகட்டில் விஜி 460 என்று இருக்கிறது அண்ணாச்சி.

பதில்:
சரி, அங்கேதான் கோளாறு. 90 நம்பர் கிட்டத்தட்ட 220 கிரேடு கனம்தான். வார்மில் பல் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம். எண்ணெய்ப் படலம் மெலிந்தால் வெண்கலம் உரசும். அந்தக் குறையை நானோ தூள் முழுக்க ஈடுகட்டாது.

பெட்டியைச் சூடாக ஓட்டி, நிறுத்தியவுடன் மிச்ச ஆயிலையும் வடியுங்கள். வண்டலும் கூடவே வரும். கொஞ்சம் 460 ஊற்றிச் சுமையில்லாமல் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். பிறகு வெண்கலத்துக்கு ஆகும் 460 வார்ம் ஆயிலை அளவுக்கண்ணாடிக் கோடு வரை ஊற்றுங்கள். பாட்டில் இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொருவர் (அம்பாசமுத்திரம்):
மேலே ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் பாருங்க. ஆட்டுகிற எண்ணெய் சாப்பாட்டுக்குப் போவது; கியர் ஆயில் ஒரு சொட்டுகூட உரல் பக்கம் கசியக் கூடாது. பல் முனை கத்தி போலக் கூராகியிருந்தால் சக்கரத்தை மாற்றாமல் ஓட்டாதீங்க.

கேள்வி கேட்டவர்:
மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முனை கூராகவில்லை, ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு. நாளைக்குத் திருநெல்வேலி போய் 460 வாங்குகிறேன்.